கிரேக்கத் தோள்களை அளக்கும் பதின்மூன்று கேள்விகள்

தோள்வலியோடு வருகிற ஒருவரால் கையை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பதைக் கோணமானி வைத்து அளந்துவிடலாம்; தசையின் வலுவையும் கருவி கொண்டு கணக்கிட்டுவிடலாம். ஆனால் இரவில் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தால் என்ன ஆகிறது, தலைக்குக் குளிக்கும்போது கை எவ்வளவு நேரம் தாங்குகிறது, சட்டையை மாட்டிக்கொள்ள வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். 1987-இல் வெளியாகி இன்றும் ஐரோப்பிய எலும்பு மருத்துவர்கள் பயன்படுத்திவரும் கான்ஸ்டன்ட்-மர்லி மதிப்பீட்டில், மொத்தமுள்ள 100 புள்ளிகளில் அசைவுக்கு 40, வலுவுக்கு 25 என 65 புள்ளிகள் பரிசோதிப்பவர் அளந்து போடுபவை. வலிக்கு 15, அன்றாட வேலைகளுக்கு 20 என மீதமுள்ள 35 மட்டுமே நோயாளியின் பங்கு. 1990-களில் இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டு, முழு மதிப்பெண்ணையும் நோயாளியின் கையிலேயே கொடுக்கும் வினாத்தாள்கள் வரத் தொடங்கின: 1991-இல் ‘ஸ்பாடி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தோள்வலி மற்றும் இயலாமைக் குறியீடு, 1996-இல் தோள் முதல் விரல் வரை கேட்கும் ‘டாஷ்’, அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பீடு. மூன்றும் ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றைக் கிரேக்க மொழி பேசும் நோயாளியிடம் கொண்டுபோனபோது எழும் சிக்கல்கள்தான் இக்கட்டுரையின் பொருள்.

நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் சிகிச்சை மையத்தில் ஸ்பாடியின் தமிழ் வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். 2012-இல் ஹாங்காங் பிசியோதெரபி இதழில் வெளியான அந்த வடிவத்தின் ஆசிரியர் குழுவில், மூல வினாத்தாளை உருவாக்கியவர்களில் ஒருவரும் இடம்பெற்றிருந்தார். அப்படியிருக்க எனக்குக் கிரேக்கத்தின்மேல் என்ன அக்கறை என்று கேட்கலாம். மேற்படிப்புக் காலத்தில் என்னோடு படித்த தெசலோனிக்கி நகரத்துத் தோழி ஒருவர், தன் தாய்மொழியில் இத்தகைய வினாத்தாள்கள் எப்படி ஒலிக்கின்றன என்று வரிக்கு வரி சொல்லிக்காட்டுவார். நம் மொழியில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இடங்கள், இன்னொருவர் மொழியில் பளிச்சென்று தெரிகின்றன. டாஷின் கிரேக்க வடிவம் 2006-இல் கைச்சிகிச்சை இதழொன்றில் வெளிவந்தது. ஸ்பாடியின் கிரேக்க வடிவம் 2016-இல், ரொட்டேட்டர் கஃப் எனப்படும் தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைநாண்களில் கிழிசல் ஏற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வெளிவந்தது.

ஸ்பாடியில் இருப்பது பதின்மூன்றே கேள்விகள். ஐந்து, வலியைப் பற்றியவை: மிக மோசமாக இருக்கும்போது எவ்வளவு, பாதிக்கப்பட்ட பக்கம் படுக்கும்போது எவ்வளவு, உயரமான அலமாரியில் இருப்பதை எட்டி எடுக்கும்போது, பின்கழுத்தைத் தொடும்போது, அந்தக் கையால் எதையாவது தள்ளும்போது எவ்வளவு என்பவை. எட்டு, சிரமத்தைப் பற்றியவை: தலைமுடியைக் கழுவுவது, முதுகைக் கழுவுவது, தலைவழியாக மாட்டும் உள்சட்டையோ ஸ்வெட்டரோ போடுவது, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுவது, கால்சட்டை போடுவது, உயரமான அலமாரியில் ஒன்றை வைப்பது, பத்து பவுண்டு எடையைத் தூக்கிச் செல்வது, பின் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். வலிப்பகுதியையும் சிரமப்பகுதியையும் தனித்தனியே நூற்றுக்கு மாற்றி, இரண்டின் சராசரியை எடுத்தால் மொத்தக் குறியீடு கிடைக்கும். நூறு என்றால் நிலைமை படுமோசம்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1991-இல் அமெரிக்காவில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டபோது பங்கேற்றவர்கள் 37 பேர், அனைவரும் ஆண்கள். பொத்தான் சட்டையும் கால்சட்டையும் பின் பாக்கெட்டும் இந்தப் பட்டியலில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மூலத்துக்கு நேர்மையாக இருக்கும்வரை அந்த 37 பேரின் உடைகளையும் சேர்த்தேதான் கிரேக்கத்துக்குள் கொண்டுபோகிறார்.

மொழிபெயர்ப்பு முறையைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டில் ‘ஸ்பைன்’ என்னும் முதுகெலும்பு இதழில் வெளியான வழிகாட்டுதல்தான் இத்துறையில் பெரும்பாலோர் பின்பற்றுவது. கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும்; ஒருவருக்கு இது எதை அளக்கும் கருவி என்று தெரிந்திருக்க வேண்டும், மற்றவர் மருத்துவப் பின்னணி இல்லாதவராக, நோக்கமும் அறியாதவராக இருக்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து ஒரே பிரதியாக்குவார்கள். பிறகு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், மூலத்தைப் பார்க்காமலேயே அந்தப் பிரதியை ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். எல்லாப் பிரதிகளையும் ஒரு குழு பரப்பி வைத்துக்கொண்டு, பொருள், மரபுத்தொடர், அன்றாட அனுபவம், கருத்து என்னும் நான்கு நிலைகளிலும் ஒத்துவருகிறதா என்று பார்க்கும். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலின் எதிர்பார்ப்பு. கடைசியாக முப்பது முதல் நாற்பது நோயாளிகளிடம் கொடுத்து, நிரப்பச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்று கேட்டறிய வேண்டும்.

மருத்துவப் பின்னணி இல்லாத மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்பது கிரேக்கத்தில் சட்டென்று விளங்கும். அங்கே நெடுங்காலம் அரசும் பல்கலைக்கழகமும் பயன்படுத்தியது, பழங்கிரேக்கத்தின் சாயலில் செம்மைப்படுத்தப்பட்ட ‘கதரேவுசா’ என்னும் நடை. மக்கள் பேசியது ‘திமோட்டிக்கி’. 1976-இல்தான் பேச்சுநடையை ஒட்டிய மொழி பள்ளியிலும் அரசிலும் அதிகாரபூர்வமானது. ஆனால் மருத்துவர்களின் வாயில் பழைய நடையின் சொற்கள் இன்றும் புழங்குகின்றன. பின்கழுத்துக்கு மருத்துவர் சொல்வது ‘அஃப்ஹேனாஸ்’. ஊர்க்காரர் சொல்வது ‘ஸ்வெர்கோஸ்’. பொதுவாகக் கழுத்தென்று சொல்ல வேண்டுமானால் ‘லெமோஸ்’, ஆனால் அது தொண்டையையும் குறிக்கும். படித்தவருக்கு முதல் சொல் சரளம். கழுத்துவலிக்காக ஒருமுறை டாக்டரிடம் போய்வந்தவருக்கும் அது பழகியிருக்கும். வினாத்தாளில் இரண்டாவது சொல்லை அச்சிட்டால், மரியாதைக் குறைவாகப் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றிவிடும் என்றார் தோழி. பிடரி என்று எழுதுவதா, பின்கழுத்து என்று எழுதுவதா என்று தமிழிலும் இதே தயக்கம் வரும் என்பதால் எனக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. உலகம் முழுவதும் மருத்துவர்கள் தோளைப் பற்றிப் பேசும் கலைச்சொற்களில் பல கிரேக்கத்திலிருந்து போனவை. தோள்பட்டையின் மேல்முனை எலும்பான ‘அக்ரோமியன்’ என்பதற்குள்ளேயே தோளைக் குறிக்கும் ‘ஓமோஸ்’ இருக்கிறது. கிரேக்கப் பாட்டிக்கு அது வேற்றுச் சொல்லாகப் படாது. கோஸ் தீவின் ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் ‘மூட்டுகள் பற்றி’ என்னும் பழம் மருத்துவ நூல் தொடங்குவதே தோள்மூட்டில்தான்: தோள் அக்குள் பக்கமாக நழுவுவதை மட்டுமே தான் அறிந்திருப்பதாக அதன் ஆசிரியர் ஆரம்பிக்கிறார். இவ்வளவு பழைய உறவு இருந்தும், நோயாளியின் தோள்வலியைக் கேட்டுப் பதிவதற்கான வினாத்தாளை ஆங்கிலத்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்திருக்கிறது.

பின்கழுத்தைவிடக் கடினமானது ‘கை’. கிரேக்கத்தில் ‘ஹேரி’ என்றால் விரல்கள் கொண்ட கையும்தான், தோளிலிருந்து தொங்கும் முழுக் கையும்தான். மேற்கையை மட்டும் தனியே சொல்ல ‘வ்ராஹியோனாஸ்’ என்ற சொல் உண்டு. ஆனால் அதைச் சந்தையில் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சொல், மேலே ஒரு சொல். டாஷ் வினாத்தாளின் ஆங்கிலப் பெயரிலேயே ‘ஆர்ம்’, ‘ஹேண்ட்’ என்று இரண்டும் தனித்தனியாக அடுக்கப்பட்டுள்ளன. “அந்தக் கையால் தள்ளும்போது எவ்வளவு வலி?” என்று கிரேக்கத்தில் கேட்டால், ஒருவர் கதவைத் தோள்பலத்தால் தள்ளுவதை நினைப்பார், இன்னொருவர் மேசைமேல் இருக்கும் தட்டை உள்ளங்கையால் நகர்த்துவதை நினைப்பார். இரண்டுக்கும் வேண்டிய விசை வேறு, வலியும் வேறு. தமிழிலும் ‘கை’ ஒன்றுதான் என்பதால், எங்கள் மையத்தில் இந்தக் கேள்விக்கு வரும்போது நான் கையைச் சுவரில் வைத்துத் தள்ளிக் காட்டிவிடுகிறேன். ஆராய்ச்சி ஒழுங்குப்படி அது கூடாது. கேள்வித்தாள் தானாக நிற்க வேண்டும் என்பதுதான் விதி.

எடையைப் பற்றிய கேள்வி எளிதென்று தோன்றும், ஆனால் எளிதில்லை. பத்து பவுண்டு என்பது ஏறத்தாழ 4.5 கிலோ. மெட்ரிக் அளவுக்குப் பழகிய கிரேக்கருக்குப் பவுண்டை அப்படியே கொடுக்க முடியாது, 4.5 என்று எழுதினால் யாரும் அந்தத் துல்லியத்தில் யோசிப்பதில்லை. 5 என்று எழுதினால் மூலத்தைவிட ஏறத்தாழப் பத்து சதவீதம் எடை கூடிவிடுகிறது. தோழி சொன்ன தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. கிரேக்க வீடுகளில் ஆலிவ் எண்ணெய் வாங்குவது பெரும்பாலும் ஐந்து லிட்டர் தகர டின்னில். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால், அந்த டின்னில் இருக்கும் எண்ணெயின் எடை 4.6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதாவது பத்து பவுண்டுக்கு இதைவிட நெருக்கமான பொருளைக் கிரேக்கச் சமையலறையில் தேடினாலும் கிடைக்காது. எழுபது வயதுப் பெண்மணிக்குக் கிலோ கணக்கு மனத்தில் படாமல் போகலாம். எண்ணெய் டின்னைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த தோளுக்கு அந்த எடை துல்லியமாகத் தெரியும். ஆனால் மூலத்தில் இல்லாத பொருளை நுழைத்தால், பிற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிடும்போது யாராவது கேள்வி எழுப்புவார்கள். குழுக்கள் பொதுவாக எண்ணை வைத்துக்கொண்டு டின்னை விட்டுவிடும். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் டின்னையும் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

உடைகளில் ‘ஃபனேலா’ என்றொரு சொல் வருகிறது. உள்ளே போடும் பனியனும் அதுதான், கால்பந்து வீரரின் மேல்சட்டையும் அதுதான். தலைவழியாக மாட்ட வேண்டும் என்பதே இங்கே தேவைப்படும் செயல். அந்த அளவில் இரண்டும் சரி. பின் பாக்கெட் அப்படி இல்லை. பாவாடையோ நீளங்கியோ அணியும் வயதான கிரேக்கப் பெண்ணுக்குப் பின் பாக்கெட்டே கிடையாது. ஆனால் கேள்வி பாக்கெட்டைப் பற்றியதல்ல; கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் உட்பக்கமாகத் திருப்புவதைப் பற்றியது. உள்ளாடையின் கொக்கியைப் பின்னால் மாட்டுவதும், மேலங்கியின் கச்சையை முதுகுப்புறம் முடிவதும் ஏறக்குறைய அதே அசைவுதான்.

பொருந்தாத கேள்வியை விட்டுவிடலாம், மீதமுள்ளவற்றால் வகுத்துக்கொள்ளலாம் என்று ஸ்பாடியின் விதியே இடம் தருகிறது. அந்தச் சலுகையின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்மணி வலிப்பகுதியில் 50-க்கு 30 போட்டிருக்கிறார், அதாவது 60 சதவீதம். சிரமப்பகுதியில் பாக்கெட் தவிர மற்ற ஏழு கேள்விகளில் 70-க்கு 40. பாக்கெட்டை விட்டுவிட்டால் அவருடைய மொத்தக் குறியீடு 58.6. “எனக்குப் பாக்கெட்டே இல்லை, அதனால் சிரமமும் இல்லை” என்று சைபர் போட்டால் 55. கையைப் பின்னால் கொண்டுபோகவே முடியாது என்பதை நினைத்துப் பத்து போட்டால் 61.3. தோள் ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். பாக்கெட்டை அவர் என்னவாகப் புரிந்துகொண்டார் என்பதைப் பொறுத்து ஆறு புள்ளி வித்தியாசம். நோயாளிக்கு உண்மையிலேயே பயன் தெரிந்தது என்று சொல்ல எட்டுப் புள்ளி குறைந்தால் போதும் என்று ஆய்வுகள் சொல்லும் கருவியில், ஆறு சின்ன எண்ணல்ல.

இவற்றையெல்லாம் மீள்மொழிபெயர்ப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. கிரேக்கப் பிரதியில் ‘அஃப்ஹேனாஸ்’ என்று எழுதினால் அது ஆங்கிலத்துக்குப் பின்கழுத்தென்றே பிசகில்லாமல் திரும்பி வரும், குழுவும் திருப்தியடையும். ஊர்க்காரருக்கு அது அந்நியமாகப் பட்டதா என்பது அந்தப் பயணத்தில் எங்குமே பதிவாவதில்லை. மாறாக, ‘ஐந்து லிட்டர் எண்ணெய் டின்’ என்று எழுதினால் மீள்மொழிபெயர்ப்பில் அது பிழையென்று சிவப்பு மையில் வட்டமிடப்படும். சொல்லுக்குச் சொல் வைத்த மோசமான மொழிபெயர்ப்பு இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும். இயல்பான மொழிபெயர்ப்பு திணறும். அப்பட்டமான தவறுகளைப் பிடிக்க மட்டும் இது உதவும்.

நான் பெரிதும் மதிப்பது கடைசியில் வரும் அந்த முன்சோதனையை. ஆனால் வெளியாகும் கட்டுரைகளில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வரி: முப்பது பேரிடம் கொடுத்தோம், எல்லாக் கேள்விகளும் புரிந்தன என்றார்கள். புரிந்ததா என்று கேட்டால் யாரும் புரியவில்லை என்று சொல்வதில்லை. அதிலும் வெள்ளை அங்கி போட்டவர் கேட்டால் சொல்லவே மாட்டார்கள். என்ன நினைத்து அந்த எண்ணைப் போட்டீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். தோழியின் பாட்டி ஹல்கிதிக்கியில் ஆலிவ் தோப்பு உள்ள கிராமத்தில் இருந்தார். வலது தோளில் பழைய வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, தோழி ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, பதில்களை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பாட்டியைக் கிரேக்கத்தில் ‘யாயா’ என்பார்கள்.

“உயரமான அலமாரியில் ஒரு பொருளை வைக்கும்போது எவ்வளவு சிரமம், யாயா?”

“சிரமமே இல்லை.”

“அப்படியென்றால் சைபரா?”

“சைபர்தான். நான் அங்கே எதையும் வைப்பதில்லையே. போன குளிர்காலத்திலேயே எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டேன்.”

“வைக்க வேண்டி வந்தால்?”

“எதற்கு வேண்டி வருகிறது? உன் மாமா இருக்கிறான்.”

“மாமா ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“அப்படியானால் பத்து.”

ஒரே கேள்வி, ஒரே ஆள், ஒரு நிமிட இடைவெளி. பதில் அளவுகோலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டது. இதில் கிரேக்கச் சொற்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. வாக்கியம் தெளிவாகவே இருந்தது. வலி நெடுநாள் நீடிக்கும்போது மனிதர்கள் வீட்டையே வலிக்கு ஏற்ப மாற்றி அடுக்கிக்கொள்கிறார்கள். சிரமம் அலமாரியிலிருந்து காணாமல் போய்விடுகிறது. டாஷ் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது: கடந்த வாரம் அந்த வேலையைச் செய்ய வாய்ப்பில்லாவிட்டால் உத்தேசமாகச் சொல்லுங்கள் என்றும், எந்தக் கையால் செய்கிறீர்கள் என்பது பொருட்டல்ல என்றும் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. இப்படியொரு முகப்புக் குறிப்பைக் கிரேக்கத்தில் எப்படி எழுதுகிறோம் என்பது பதின்மூன்று கேள்விகளையும் சேர்த்து மொழிபெயர்ப்பதைவிட முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

எண் அளவுகோலுக்கும் ஊர்ப்பழக்கம் உண்டு. கிரேக்கத் தொடக்கப்பள்ளியில் மதிப்பெண் பத்துக்குத்தான். பத்து வாங்குவது ‘அரிஸ்தா’, அதாவது உச்சம். அங்கே வளர்ந்தவருக்குப் பத்து என்றால் நல்லது என்ற எண்ணம் சிறுவயதிலேயே ஊறியிருக்கும். ஸ்பாடியில் பத்து என்றால் கேடு. டாஷிலும் எண் ஏற ஏறக் கேடு. கான்ஸ்டன்ட்-மர்லியில் ஏறினால் நல்லது. ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பீடோ முதலில் 12 முதல் 60 வரை, குறைந்தால் நல்லது என்று இருந்து, பின்னாளில் 0 முதல் 48 வரை, கூடினால் நல்லது என்று திரும்பிவிட்டது. ஒரே நோயாளியின் கோப்பில் இந்த நான்கும் இருக்க வாய்ப்புண்டு. அளவுகோலின் இரு முனைகளிலும் உள்ள சொற்களைத் தடித்த எழுத்தில் அச்சிடுவது போன்ற சின்னக் காரியங்கள் இங்கே பெரிய பயன் தருகின்றன.

இனி எண்களின் பக்கம். இத்தகைய கட்டுரைகளில் முதலில் கண்ணில் படுவது க்ரோன்பாக் ஆல்ஃபா. 1951-இல் வந்த சூத்திரம். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது காட்டுகிறது. 0.70-க்கும் 0.95-க்கும் இடையில் இருந்தால் நல்லது என்பது 2007-இல் வெளியான தர அளவுகளின் பரிந்துரை. ஸ்பாடிக்குப் பல மொழிகளிலும் 0.90-க்கு மேல் வருகிறது, எல்லோரும் மகிழ்கிறார்கள். ஆனால் ஆல்ஃபா கேள்விகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது. எந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே சராசரித் தொடர்பு 0.5 என்று கொண்டால், ஐந்து கேள்விகளுக்கு ஆல்ஃபா 0.83, எட்டுக்கு 0.89, பதின்மூன்றுக்கு 0.93. கேள்விகளின் தரம் இம்மியும் கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. எட்டி எடுப்பதையும் எட்டி வைப்பதையும் தனித்தனியே கேட்கும் வினாத்தாளில் இரண்டு பதிலும் ஒத்துப்போவதில் அதிசயமும் இல்லை. எல்லா நோயாளிகளும் ஒரு கேள்வியை ஒரேமாதிரித் தவறாகப் புரிந்துகொண்டாலும் ஆல்ஃபா சரிவதில்லை. காய்கறிக் கடைத் தராசில் ஒரு தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தாலும், எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடை காட்டுவதைப் போலத்தான்.

மறுசோதனை இதைவிடக் கடினமான பரீட்சை. சில நாள் இடைவெளியில் அதே நோயாளியிடம் அதே தாளைக் கொடுத்தால் ஏறத்தாழ அதே எண் வர வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் போட்ட எண் நினைவிலிருக்கும். அதிகமானால் தோளே மாறிவிடும். சிகிச்சையைத் தொடங்காமல் காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஏஜியன் தீவொன்றிலிருந்து கப்பலேறி ஏதென்ஸ் மருத்துவமனைக்கு வந்தவரை நான்கு நாள் கழித்து மறுபடி வா என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் கேட்டால், முதல்முறை எழுத்தில் இருந்தது இரண்டாம்முறை பேச்சாகிவிடுகிறது. 1991-இன் மூல ஆய்வில் இந்த மறுசோதனை எண் 0.64-க்கும் 0.66-க்கும் இடையில்தான் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் 0.89-க்கு மேல் வந்தது.

மறுசோதனையில் 0.90 என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது ஒரு தனிமனிதருக்கு என்ன பொருள் தருகிறது என்று பார்க்கலாம். நோயாளிகளின் மதிப்பெண்கள் ஒருவருக்கொருவர் விலகும் அளவு, அதாவது திட்டவிலக்கம், 20 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். நம்பகத்தன்மை 0.90 என்றால் மீதம் 0.10, அதன் வர்க்கமூலத்தை 20-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 6.3 புள்ளி. இரண்டு முறை அளக்கிறோம், ஆகவே பிழையும் இருமுறை. 95 சதவீத உறுதிக்கு அதை 2.77-ஆல் பெருக்கினால் 17.5. ஸ்பாடியைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 18 புள்ளியும் இந்த அளவில்தான் இருக்கிறது. ஒருவருடைய மதிப்பெண் 18-க்கும் குறைவாக மாறியிருந்தால், அது குணமா, தாளின் தள்ளாட்டமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நோயாளி பயனை உணர எட்டு முதல் பதின்மூன்று புள்ளி போதும் என்பதோ இன்னொரு பக்கம் இருக்கிறது. நோயாளி உணர்ந்துவிட்டார், தாளால் உறுதிசெய்ய முடியவில்லை என்ற இந்த இடைவெளியில்தான் எங்கள் அன்றாடத் தொழில் நடக்கிறது. நூறு பேரின் சராசரியை ஒப்பிடும் ஆராய்ச்சியில் இந்தத் தள்ளாட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். என்முன் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கணக்கில் போகாது.

ஏற்புடைமையை, அதாவது அளக்க வேண்டியதைத்தான் தாள் அளக்கிறது என்பதைக் காட்டும் வழக்கமான வழி, ஏற்கெனவே நம்பப்படும் இன்னொரு வினாத்தாளோடு ஒப்பிடுவது. கிரேக்கத்தில் அதற்கு 2006-இன் டாஷ் தயாராக இருந்தது நல்வாய்ப்பு. அது இல்லாத மொழியில் முதல் கருவி எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது? இன்னொரு பக்கம், டாஷும் ஸ்பாடியும் ஒத்துப்போவதில் எனக்குப் பெரிய ஆறுதல் இல்லை. இரண்டும் ஒரே மொழிவழக்கில், ஒரே மாதிரியான மருத்துவமனையில், ஒரே உட்காரலில் நிரப்பப்படுபவை. ஸ்பாடியில் அலமாரிக்குச் சைபர் போடும் பாட்டி, முகப்புக் குறிப்பைக் கவனிக்காவிட்டால் டாஷிலும் ‘சிரமமில்லை’ என்றே குறித்துவிடக்கூடும். வலியும் சிரமமும் இரண்டு தனிப் பகுதிகளா, உண்மையில் ஒன்றேயா என்ற கேள்விக்கும் பல மொழிகளின் ஆய்வுகள் ஒருமித்த பதிலைத் தரவில்லை. சிலவற்றில் இரண்டாகப் பிரிகிறது, சிலவற்றில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. வலிப்பதால்தான் செய்ய முடியவில்லை என்று சொல்லும் நோயாளியிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதே சற்றுச் செயற்கையானது.

கிரேக்க மொழி பேசுவோர் என்ற சொல் கிரேக்க நாட்டோடு முடிவதுமில்லை. சைப்ரஸில் எழுதுவது பொதுக் கிரேக்கம், வீட்டில் பேசுவது ஒலிப்பிலும் சொற்களிலும் வேறுபட்ட சைப்ரஸ் கிரேக்கம். தாளைத் தானே படித்து நிரப்புபவருக்குச் சிக்கல் இல்லை. செவிலியர் வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால், அவர் தன்னையறியாமல் இன்னொருமுறை மொழிபெயர்க்கிறார். போருக்குப் பின் மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே முதுமையடைந்த கிரேக்கர்களின் நிலை இன்னொன்று. 2000-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது: நாடு மட்டும் மாறினால் எவ்வளவு, மொழியும் சேர்ந்து மாறினால் எவ்வளவு, நெடுங்காலமாகக் குடியேறியவர்களுக்கு எவ்வளவு வேலை என்று அது தனித்தனியே வகைப்படுத்துகிறது. ஏதென்ஸில் தேறிய தாளை மெல்பர்னுக்கு அப்படியே தபாலில் அனுப்பலாம் என்று அது சொல்லவில்லை.

நோயும் மாறக்கூடும். 2016-இன் கிரேக்க ஸ்பாடி சோதிக்கப்பட்டது தசைநாண் கிழிந்தவர்களிடம். அவர்களுக்குக் கையை உயர்த்துவதும் அந்தப் பக்கம் படுப்பதும் பெரும் தொல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் தோள் இறுக்கத்தில், கையை வெளிப்பக்கமாகத் திருப்புவதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் முதலில் பறிபோகும். அவர்களுக்கு அந்தப் பின் பாக்கெட் கேள்விதான் மற்றவற்றைவிட அதிகம் பேசும். வயதான பெண்கள் விட்டுவிடக்கூடிய கேள்வியும் அதுவே. தோள் இறுக்கம் உள்ள கிரேக்கப் பெண்களிடம் இந்தத் தாளைப் பயன்படுத்த நினைப்பவர், கொக்கி மாட்டுவதையோ கச்சை முடிவதையோ கேட்கும் ஒரு மாற்றுக் கேள்வியைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சில பேரிடம் கேட்டு, எந்த எண்ணை எதற்காகப் போட்டார்கள் என்று உட்கார்ந்து விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் பொறுமையும் போதும், மென்பொருள் தேவையில்லை.